வாயைப் பார்த்த பிறகு அரம்

அந்தத் தம்பி வாங்கி வந்த சாமான்களை டீக்கடை பெஞ்சில் பரப்பினார். கறுப்புத் தீட்டுக்கல் ஒன்று, சாண் நீளத்துக்கு முக்கோண அரம் ஒன்று, கட்டிங் மிஷினில் மாட்டுகிற மெல்லிய வட்டு இரண்டு. சென்னை வேலையை விட்டுவிட்டு வள்ளியூருக்குக் கிழக்கே அப்பாவின் தோட்டத்தைப் பார்க்க வந்தவர். வேலியோரம் உடைமரமும் சீமைக்கருவேலமும் மண்டிக் கிடக்கின்றன. போன காற்றுக் காலத்தில் சாய்ந்த பட்ட பனை ஒன்றும் அப்படியே கிடக்கிறது. வீட்டில் இருந்த கோடாலியை ஓங்கிப் போட்டால் மரத்தில் இறங்காமல் துள்ளுகிறதாம்.

"எது நல்லதுன்னு தெரியல அண்ணாச்சி. மூணையும் வாங்கிட்டேன்."

"கோடாலி எங்க?"

"வீட்டுல கெடக்கு."

"நோயாளிய வீட்டுல விட்டுட்டு மருந்துக் கடைக்குப் போயிட்டு வந்திருக்கியளே தம்பி. எடுத்துட்டு வாங்க."

பைக்கில் போய் எடுத்து வந்தார். அதற்குள் நான் இன்னொரு டீ சொல்லியிருந்தேன், அவருக்கும் சேர்த்து.

கோடாலி தீட்ட எந்தக் கருவி வாங்குவது என்ற கேள்விக்குக் கடையில் பதில் கிடையாது. பதில் கோடாலியின் வாயில் இருக்கிறது. வாயை மேலே திருப்பி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான வாய்க்கு அகலமே கிடையாது. வெளிச்சம் பட்டுத் திரும்ப அங்கே இடம் இல்லாததால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இவருடைய கோடாலி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பளபளத்தது. ஒரு மூலையில் அரிசி அளவுக்கு இரண்டு பொக்கு. வேரை வெட்டும்போது மண்ணுக்குள் இருந்த கல்லில் பட்டிருக்கும்.

இந்த இரண்டையும் எவரும் பார்த்துவிடலாம். மூன்றாவது குறை ஒன்று உண்டு. அது கோடாலியைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் தெரியும். கோடாலி ஆப்பு வடிவம் கொண்டது. நுனியிலிருந்து பின்னால் போகப் போகத் தடிப்பு கூடும். ஒவ்வொரு முறையும் நுனியை மட்டும் கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வேலைக்குப் போனால் நுனி தேய்ந்து பின்வாங்கும். பின்வாங்கிய இடத்தில் இரும்பு தடிமன். வாய் கூர்மையாகவே இருக்கும், விரலை வைத்தால் கீறும். ஆனால் மரத்தில் இறங்காது. பல வருஷம் கல்லில் மட்டும் தீட்டிய கோடாலிகள் எல்லாம் இப்படித்தான் ஆகின்றன. "நல்லாத்தான் தீட்டுதேன், வெட்ட மாட்டேங்குதே" என்பவரின் கோடாலியை வாங்கிப் பாருங்கள், வாய் தடித்துப் போயிருக்கும்.

மழுங்கல், பொக்கு, தடிப்பு. மழுங்கலுக்குக் கல் போதும். பொக்குக்கும் தடிப்புக்கும் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதற்கு அரம் வேண்டும்.

"அரம்தான் வாங்கியிருக்கேனே" என்றார் தம்பி.

முக்கோண அரம் மரமறுக்கிற வாளின் பல்லைத் தீட்டுவதற்கு உண்டானது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இறங்கத்தான் அந்த மூன்று மூலை. கோடாலி வாய்க்கு அகலமான தட்டை அரம் வேண்டும், 10 அங்குலம் அல்லது 12 அங்குலம். அதைவிடச் சின்னது என்றால் கை ஒவ்வொரு தள்ளலிலும் வாய்க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வழுக்கினால் விரல் போய்விடும். கடையில் கேட்கும்போது "பாஸ்டர்ட்" என்றே கேளுங்கள், அது அரத்தின் பல் பருமனுக்குத் தொழிலில் உள்ள பெயர், கூச்சப்பட வேண்டாம். அதற்கு அடுத்த நயம் செகண்ட் கட், அதற்கும் நயமானது ஸ்மூத். பல் வரிசை ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடினால் ஒற்றை வெட்டு. குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் இரட்டை வெட்டு. இரட்டை வெட்டு வேகமாகத் தின்னும், பரப்பைச் சொரசொரப்பாக விடும். ஒற்றை வெட்டு மெதுவாகத் தின்னும், வழவழப்பாக விடும். பொக்கு பெரிதாக இருந்தால் முதலில் இரட்டை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஒற்றை வெட்டில் வாங்குங்கள். மரப்பிடியும் சேர்த்து வாங்க வேண்டும். பிடி இல்லாத அரத்தின் வால் உள்ளங்கையில் ஏறிய கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

அரம் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது வெட்டாது, அழுத்தி இழுத்தால் அரத்தின் பல்தான் மழுங்கும். தள்ளு, தூக்கு, திரும்ப வை. இதைக் கவனிக்காமல் ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்து, புது அரத்தை ஒரே நாளில் பாழாக்கிவிட்டு "டூப்ளிகேட்டு" என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் நிறைய. பல்லிடுக்கில் இரும்புத் துகள் அடைத்தால் கம்பி பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும். சாக்பீஸைத் தேய்த்துவிட்டு வேலை ஆரம்பித்தால் அடைப்பது குறையும்.

அரத்துக்கு இன்னொரு உபயோகம் இருக்கிறது, அதற்காகவே வீட்டில் ஒன்று வைத்திருக்கலாம். இரும்பு எப்படிப்பட்டது என்று சொல்லிவிடும். கடினத்தை அளக்க ராக்வெல் என்று ஓர் அளவுகோல் உண்டு. அதன் C வரிசையில் நல்ல கோடாலி வாய் சுமார் 50 முதல் 55 வரை நிற்கும். அரம் 60-க்கு மேல். ஆகவே சரியாகப் பதம் வைத்த வாயில் அரம் லேசான எதிர்ப்போடு கடித்து, பொடிப்பொடியாகத் துகள் விடும். கண்ணாடியில் வைத்தது மாதிரி வழுக்கினால் வாய் அளவுக்கு மீறி விறைத்திருக்கிறது. அதைக் கல்லில்தான் தேய்க்க முடியும், வெட்டும்போது உடையவும் செய்யும். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் அந்த வாயில் பதமே இல்லை. எவ்வளவு தீட்டினாலும் நாலு வெட்டில் மடங்கும்.

தம்பியின் கோடாலியில் முக்கோண அரத்தை வைத்தே ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். நடு வாயில் நன்றாகக் கடித்தது. அந்தப் பொக்கு விழுந்த மூலையில் மட்டும் வழவழவென்று உள்ளே போனது. "இத எப்பமாவது மிஷின்ல குடுத்தியளா?" அப்பா ஒருமுறை வெல்டிங் பட்டறையில் கொடுத்தாராம். மூலையில் நீலமாகக் கறை பட்டிருந்ததாம், தேய்த்ததும் போய்விட்டதாம்.

நிறம் போகும். நிறத்தோடு போன பதம் திரும்பி வராது. அதைப் புரிந்துகொள்ள ஆசாரியின் பட்டறைக்கு ஒரு நடை போக வேண்டும்.

கொல்லாசாரி கோடாலி செய்யும்போது லாரி ஸ்பிரிங் பட்டையையே அடித்து உருட்டுவது உண்டு. சாதாரண இரும்பில் உடம்பைச் செய்து, வாயில் மட்டும் உருக்கு வைத்து அடித்துச் சேர்ப்பது பழைய முறை. வாயைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் முக்குவார். அந்தச் சூடு 800 டிகிரி அளவில் இருக்கும். 770 டிகிரியைத் தாண்டினால் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது, அதை வைத்தும் சூட்டை அறியலாம். முக்கியதும் வாய் விறைத்துவிடும், அப்படியே விட்டால் கண்ணாடி போலத் தெறிக்கும். அதனால் முழுக் கோடாலியையும் முக்க மாட்டார். வாயை மட்டும் நனைத்து எடுப்பார். மண்டையில் மிச்சமிருக்கிற சூடு மெல்ல வாய்ப் பக்கம் நகரும். கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்து இரும்பை வெளுப்பாக்கிப் பார்த்துக்கொண்டே நிற்பார். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள் ஓடும். 260-இல் பழுப்பு. 280-இல் கத்தரிப்பூ நிறம். 300-ஐ ஒட்டி நீலம். தான் நினைத்த நிறம் நுனியைத் தொடுகிற நொடியில் மறுபடி முக்கி நிறுத்திவிடுவார். பட்டறை ஏன் எப்போதும் இருட்டாக இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலில் இந்த நிறம் எதுவும் தெரியாது.

பதம் என்பது அந்த நிறுத்தல்தான். கட்டிங் மிஷினிலும் இதே நிறங்கள்தான் ஓடுகின்றன, ஆனால் நிறுத்த ஆள் இல்லை. நாலு அங்குல வட்டு நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்றுச் சுற்றும். விளிம்பின் வேகத்தைக் கணக்குப் போட்டால் மணிக்கு 200 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வரும். காகிதம் போல மெலிந்த வாய் நுனியில் அது படும்போது சூடு பின்னால் ஓட நேரமே இல்லை. மஞ்சளிலிருந்து நீலத்துக்கும், நீலத்தைத் தாண்டிச் சாம்பல் நிறத்துக்கும் கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். அப்போது அங்கே இருப்பது வெறும் இரும்பு. பட்டறைக்காரர் பளபளவென்று தேய்த்துக் கொடுப்பார், நமக்கும் திருப்தி. வீட்டுக்கு வந்து உடைமரத்தில் நாலு போடு போட்டால் வாய் மடங்கும். கோடாலியில் குறை என்று நினைத்துப் புதுசு வாங்குவோம்.

மிஷினே ஆகாது என்று சொல்ல மாட்டேன். அரை அங்குலத்துக்குப் பொக்கு விழுந்த கோடாலியை அரத்தால் ராவச் சொல்வது அநியாயம். கிரைண்டரில் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் வாளியில் தண்ணீர் இருக்க வேண்டும். ஒரு தொடல், ஒரு முக்கல். வாய்க்குப் பின்னால் வெறும் விரலை வைத்துப் பிடித்திருங்கள்; விரல் தாங்காத சூடு வரும்போது எடுத்து முக்கினால் பதத்துக்கு ஆபத்து இல்லை. நுனிக்கு ஒரு மயிரிழை முன்பே நிறுத்திவிட்டு மிச்சத்தை அரத்தால் முடிக்க வேண்டும். மிஷின் வேண்டுமென்றால் வாங்க வேண்டியது ஃப்ளாப் டிஸ்க், உப்புத்தாள் துண்டுகளை விசிறியாக அடுக்கிய வட்டு. தம்பி வாங்கி வந்திருக்கிற மெல்லிய வட்டு கம்பி அறுக்க மட்டும். அதைப் பக்கவாட்டில் அழுத்தினால் உடைந்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடி போடாமல் அதைத் தொடவே கூடாது. சைக்கிளில் மிதித்துச் சாணை பிடித்துக்கொண்டு வருவாரே, அவருடைய கல் இதோடு ஒப்பிட்டால் சாது, மெதுவாகச் சுற்றும். கத்திக்கும் அருவாமனைக்கும் அவர் போதும். கோடாலியின் கனத்துக்கு அவருடைய வண்டி கொஞ்சம் தடுமாறும்.

நீலம் பட்ட மூலைக்கு என்ன செய்வது? மெல்லிய கறையாக இருந்தால் அரத்தால் அந்த இரும்பு முழுவதையும் ராவி எடுத்துவிட்டு, நல்ல இரும்பு வருகிற இடத்தில் புது வாய் வைக்கலாம். அரம் கடிக்கிற விதம் மாறுவதே அடையாளம். ஆழமாகப் போயிருந்தால் ஆசாரிதான். வாய் தடித்துப்போன பழைய கோடாலிக்கும் அவர்தான் சரி. அரம் இரும்பைத் தின்றுதான் மெலிய வைக்கும். ஆசாரி இரும்பை வீணாக்காமல் காய்ச்சி அடித்து நீட்டி மெலிய வைப்பார், பிறகு புதிதாகத் துவைச்சல் போடுவார், அதாவது பதம் வைப்பார். கோடாலியின் ஆயுள் இரட்டிப்பாகும். கடையில் எந்த அலமாரியிலும் இல்லாத கருவி ஆசாரியின் உலை. முன்பெல்லாம் ஏர் பூட்டுவதற்கு முன்னால் கொழுவோடு கோடாலியையும் காய்ச்சி வாங்குவது வழக்கம். டிராக்டர் வந்து கொழு போனது; ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள்; உலை இருக்கிற ஊர்களை இப்போது விசாரித்துத்தான் போக வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் இந்தப் பக்கத்துக்கு இரும்பு நேற்று வந்ததல்ல. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டியபோது இரும்புக் கருவிகள் குவியலாக வந்தன. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைக் கி.மு. 4ஆம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு போகிறது. நமக்குப் பக்கத்தில் நம்பியாற்றங்கரைத் துலுக்கர்பட்டியிலும் 2022 முதல் தொல்லியல் துறை தோண்டியிருக்கிறது. பழம்பெருமை பேச ஆட்கள் இருக்கிறார்கள், துருத்தி ஊதத்தான் இல்லை.

"அப்போ இந்தக் கல்லு?" என்றார் தம்பி.

கல் நல்ல கல்தான். ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் நயம். அரம் விட்ட கீறல்களை முரட்டுப் பக்கத்தால் சுற்றிச் சுற்றித் தேய்த்து எடுத்து, நயப் பக்கத்தால் முடிக்க வேண்டும். கோடாலியைக் கல்லில் தேய்க்காதீர்கள்; கோடாலியை நிறுத்திவிட்டுக் கல்லைக் கையில் எடுத்து வாயில் தேயுங்கள். தண்ணீரோ மண்ணெண்ணெயோ ஏதாவது ஒன்று. ஒருமுறை எண்ணெய் குடித்த கல்லில் பிறகு தண்ணீர் நிற்காது. இந்தக் கறுப்புப் பொருள், கார்போரண்டம், 1891-இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் மின் உலையில் செயற்கை வைரம் செய்யப் பார்த்தபோது கிடைத்தது. வைரம் வரவில்லை, கிட்டத்தட்ட அந்தக் கடினத்தில் இது வந்தது. 1954-இல் முருகப்பா குழுமம் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கிய பிறகு இங்கேயே செய்யப்படுகிறது. அதற்கு முன்னால் சாணைக்காரர்கள் குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்துச் சக்கரம் செய்துகொண்டார்கள். நம் உவரிக் கடற்கரையில் சிவப்பாக ஒதுங்குகிற கார்னெட் மணலும் தேய்க்கிற சரக்குதான். கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போய் அங்கே இரும்பைத் தேய்த்தது; 2013-இல் அரசு அள்ளுவதற்குத் தடை போட்டது. அந்தக் கதைக்கு வேறொரு நாள் வேண்டும்.

எந்தச் சாய்வில் தீட்டுவது? ஒரு தாளின் மூலையை எடுங்கள், அது 90 டிகிரி. மூன்றாக மடித்தால் 30. அதைக் கத்தரித்து வாய்க்கு நேராக வைத்துப் பாருங்கள். மரம் வெட்டும் கோடாலிக்கு 30-ம் அதற்குக் கொஞ்சம் குறைவும் சரி. விறகு பிளக்கிற கோடாலிக்கு 35, 40 கூட இருக்கலாம். பிளப்பதற்குக் கத்தி போல மெலிந்த வாய் இடைஞ்சல். கட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், பிடுங்குவதற்குள் உயிர் போகும். இரண்டு வேலைக்கும் ஒரே கோடாலி என்றால் 30-இல் வைத்து, நுனியை மட்டும் கல்லால் லேசாக உருட்டிவிடுங்கள். நேர்கோடாக இறங்கும் வாயைவிடச் சற்றே உப்பிய வாய் உடையாமல் நிற்கும். இரண்டு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். ஒரு பக்கம் தீட்டியதும் மறுபக்கத்தில் பிசிறு எழும்பும், கட்டைவிரலை வாய்க்குக் குறுக்கே தடவினால் தட்டுப்படும். அது வாய் முழுவதும் எழும்பினால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று அர்த்தம். பிசிறை அப்படியே விட்டு வெட்டப் போனால் முதல் வெட்டில் அது ஒடிந்து, வாயையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும்.

பிசிறை எடுக்கப் பனையேறிகளிடம் ஒரு வழி இருக்கிறது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பதனீர்க் காலத்தில் பார்த்திருக்கலாம். பாளை அருவாளை அவர்கள் கல்லில் வைக்க மாட்டார்கள். மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி அதில் தீட்டுவார்கள். வெள்ளைக்கல்லின் கடினம் பதம் வைத்த இரும்பை ஒட்டியே இருப்பதால் அது வாரித் தின்னாது. தேய்க்கத் தேய்க்கத் தானும் பொடிந்து நயமாகும். பாளையைத் தாள் போலச் சீவ வேண்டும், வெட்டு பிசிறினால் சொட்டு நின்றுவிடும், அதனால் அவர்களுக்கு அந்தக் கூர்மை தேவை. கோடாலிக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் அந்தப் பலகையில் பக்கத்துக்கு நாலு இழுப்பு இழுத்தால் பிசிறு போய்விடும். அதற்காகக் கடையில் தோல் பட்டை வாங்க வேண்டாம்.

வெள்ளைக்கல் என்பது சிலிக்காதான்; சாய்ந்து கிடக்கிற அந்தப் பனைக்குள்ளும் சிலிக்கா இருக்கிறது. பனையும் தென்னையும் மண்ணிலிருந்து உறிஞ்சுகிற சிலிக்காவை நாருக்குப் பக்கத்தில் நுண்மணிகளாகச் சேர்த்து வைக்கின்றன. மற்ற மரத்துக்கு வைரம் நடுவில், பனைக்கு வெளியில். கறுத்த நார் முழுக்கப் புறவட்டத்தில், உள்ளே வெறும் சோறு. ஆகவே முதல் வெட்டிலிருந்தே கோடாலி மணலைத் தின்றுகொண்டிருக்கும். பச்சைப் பனையை வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்துவிட்டது. பட்டுச் சாய்ந்த பனைதான் இனி நம் கோடாலிக்கு, அது இன்னும் இறுகியிருக்கும். கல்லை இடுப்பில் செருகிக்கொண்டே போங்கள். வாய் வெள்ளையாக மின்னத் தொடங்கியதும் நிறுத்தி நாலு தேய்ப்பு. முழுக்க மழுங்கவிட்டு மாலையில் அரத்தை எடுப்பதைவிட இது கோடாலிக்கு நல்லது, கைக்கும் நல்லது. உடை, சீமைக்கருவேலம் என்றால் இவ்வளவு அடிக்கடி வேண்டாம். அதில் வேரோடு மண் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். வேருக்குக் கோடாலியைப் பயன்படுத்துவதை விட்டுவிடுங்கள், கடப்பாரை இருக்கிறது.

அரத்தை எண்ணெய் பூசி வைக்காதீர்கள், அடுத்த முறை வழுக்கும். மற்றச் சாமானோடு சாக்கில் போட்டுக் குலுக்கினால் பல் போய்விடும். தனியாகத் துணியில் சுற்றிச் சுவரில் மாட்டுங்கள், கடற்காற்று படாத சுவரில். எப்படி வைத்தாலும் சில வருஷத்தில் அது கடிக்காமல் போகும். அரத்தைத் தீட்ட நம்மிடம் கருவி கிடையாது. ஆனால் அதில் இருப்பது கரி கூடின நல்ல உருக்கு, தூக்கிப் போடாமல் உலை இருக்கிற ஆசாரியிடம் கொண்டு போனால் உளியாகவோ கத்தியாகவோ அடித்துத் தருவார்.